திருமலையில் இருந்து மலையக ரயில்: கண்டியில் ஏறாதீர்கள், பதுளையில் ஏறுங்கள்

கொழும்பில் இருந்து கண்டி, எல்ல வழியாகப் பதுளை வரை ஓடுகிற மலையக ரயிலில் போகவேண்டும் என்று திருமலையில், அதாவது திருகோணமலையில், யாரிடம் கேட்டாலும் ஒரே வழியைத்தான் சொல்வார்கள். விடிய பஸ் எடுத்துக் கண்டிக்குப் போ, கண்டியில் ரயில் ஏறு, எல்லவில் இறங்கு. நாங்களும் முதல் தடவை அப்படித்தான் போனோம். கண்டிக்கு ரயில் வந்தபோதே கொழும்பில் ஏறிய சனத்தால் நிரம்பியிருந்தது, முழங்கால் வருத்தம் உள்ள அப்பா ஹட்டன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார், எல்லாரும் புகழ்கிற ஹப்புத்தளை வந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது, யன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரிப் புகார் மட்டும்தான்.

2024 பெப்ரவரியில் அதே பாதையைத் தலைகீழாகப் போனோம். மட்டக்களப்புப் பக்கமாகப் போய்ப் பதுளையில் ஏறி, கண்டியில் இறங்கி, மாத்தளை, தம்புள்ளை வழியாக வீடு வந்தோம். ஒரே பாதைதான், ஆனால் வேறொரு பயணம். கிழக்கில் இருக்கிற எங்களுக்கு இதுதான் சரியான வழி என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன், எப்படி என்பதை முழுதாக எழுதுகிறேன்.

ஏன் பதுளை

மூன்று காரணம். ஒன்று, ரயில் அங்கேதான் புறப்படுகிறது, அதனால் முற்பதிவு கிடைக்காவிட்டாலும் நேரத்தோடு போனால் யன்னலோரம் இருக்கலாம். இரண்டு, உல்லாசப் பயணிகளில் பெரும்பாலானோர் கண்டியில் இருந்து எல்லவுக்குத்தான் போகிறார்கள், எதிர்த்திசையில் நெரிசல் குறைவு. மூன்றாவதுதான் பெரிய காரணம்: ஹப்புத்தளையின் தெற்குப் பள்ளத்தாக்கு காலையில் திறந்திருக்கும், மத்தியானம் கழிந்தால் கீழே இருந்து முகில் ஏறி மூடிவிடும். கண்டியில் காலையில் ஏறுகிறவர் அங்கே போய்ச் சேர்வது பின்னேரம். பதுளையில் காலையில் ஏறுகிறவர் முகில் ஏறுவதற்கு முன்னமே அங்கே நிற்பார்.

முதல் வேலை: ரயில் ஓடுகிறதா

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகப் பாதையை மோசமாகச் சிதைத்தது. மண்சரிவில் சில இடங்களில் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணே இல்லாமல் போனது. அப்படியான பாதையைத் துண்டு துண்டாகத்தான் திருத்தித் திறக்க முடியும். ஆகவே லீவு போட முன்னம், அறை பிடிக்க முன்னம், எந்த நிலையத்தில் இருந்து எந்த நிலையம் வரை ரயில் விடுகிறார்கள் என்று விசாரியுங்கள். திருகோணமலை புகையிரத நிலையத்தில் நேரே போய்க் கேட்கலாம், அல்லது 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழிலும் கதைப்பார்கள். புறப்பட முதல் நாள் பின்னேரம் இன்னொரு தடவையும் கேளுங்கள். இந்தப் பாதையில் கடும் மழை பெய்தால் ஒரு மரமோ ஒரு கல்லோ விழுந்து அன்றைய ஓட்டம் நிற்பது புதினம் இல்லை.

முழுப் பாதையும் ஓடவில்லை என்றால் திட்டத்தைக் கைவிடாதீர்கள். பதுளையில் இருந்து நானுஓயா வரைக்கும் உள்ள துண்டு மட்டும் கிடைத்தாலே போதும், பாதையின் சாரமே அதில்தான் இருக்கிறது. மிச்சத்தை நுவரெலியாவில் இருந்து பஸ்ஸில் கண்டிக்குப் போய் முடித்துக்கொள்ளலாம்.

எந்த மாதம்

எங்கள் காலநிலையை வைத்து மலைநாட்டைக் கணக்குப் போட்டால் பிழைத்துவிடும். திருமலையில் மாரி என்றால் மார்கழி, தை. அந்த வாடைக்காற்று மழை பதுளைப் பக்கத்துக்கும் போகும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை நாங்கள் இங்கே வெயிலில் காயும்போது, ஹட்டன், வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். வட்டவளை நாட்டிலேயே அதிகம் மழை விழுகிற இடங்களில் ஒன்று. ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் நம்பிக்கை இல்லை, மண்சரிவுக் காலம்.

எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் ஓரளவு காய்ந்திருப்பது பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் நடுப்பகுதி வரை. என்னுடைய தெரிவு பெப்ரவரி கடைசி, மார்ச். பள்ளிக்கூட லீவுக்குத்தான் போகமுடியும், ஓகஸ்ற்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆடி, ஆவணியில் எங்கள் தோலைப் பொசுக்குகிற அதே கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) மலையைத் தாண்டி வரண்ட காற்றாகப் பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் இறங்கும். ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் வருவதும் ஜூலை தொடக்கம் செப்ரெம்பர் வரையான இந்தக் காற்றால்தான். அந்த நாட்களில் பதுளை தொடக்கம் ஹப்புத்தளை வரை வெளிச்சமாக இருக்கும். பாதையின் உச்சிக்குக் கிட்ட இருக்கிற பட்டிப்பொல தாண்டி மழை பிடித்தால் அதையும் ஒரு காட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாள் பார்க்கும்போது மூன்றைத் தவிருங்கள். நீண்ட வார இறுதி, சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு நுவரெலியா நிரம்பி வழிகிற நாட்கள், டிசம்பர் போயா (பௌர்ணமி) தொடக்கம் வெசாக் வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில் போயா தினங்களும் சனி ஞாயிறும். யாத்திரைக்குப் போகிற சனம் ஹட்டனில்தான் ஏறி இறங்கும். செவ்வாய், புதன் பயணத்துக்கு நல்லது.

நான்கு இரவு, ஒரு சுற்று

முதல் நாள் முழுக்கப் பதுளை போய்ச்சேர. திருகோணமலையில் இருந்து விடியப்புறம் மட்டக்களப்பு பஸ். கிண்ணியாவில் ஆட்களையும் வாகனத்தையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவைக்காக (நாங்கள் ‘பாதை’ என்போம்) காத்துக்கிடந்த காலத்தில் இந்தச் சுற்றை யாரும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதன்பின் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு, மூதூர், வெருகல், வாகரை என்று கடலோரமாக நேரே போய்விடலாம். மட்டக்களப்பில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பதுளை பஸ் எடுங்கள். அது செங்கலடிச் சந்தியில் திரும்பி மகா ஓயா, பிபிலை வழியாக ஏறும். மகா ஓயாப் பக்கம் பொழுது பட்டால் வீதியில் யானை நிற்கும். ஆகவே மட்டக்களப்பில் சொந்தக்காரர் வீட்டில் கதைத்துக்கொண்டு நேரத்தைப் போக்கவேண்டாம், மத்தியானத்தோடு வெளிக்கிடுங்கள்.

வேன் பிடித்துப் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம், ஆனால் வேன் பதுளையில் உங்களை இறக்கிவிட்டுக் கண்டிக்கு வெறுமையாகச் சுற்றிவர வேண்டும், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். நான்கு பேருக்கு பஸ்தான் லாபம். பத்துப் பேர் என்றால் வேன், சாமான் எல்லாவற்றையும் வேனிலேயே விட்டுவிட்டு ரயிலில் கைவீசிக்கொண்டு ஏறலாம்.

முதல் இரவு பதுளையில். ரயில் நிலையத்துக்குக் கிட்டவாக அறை எடுத்தால் விடிய அவதிப்பட வேண்டியதில்லை. பதுளை தமிழ் நடமாடுகிற ஊர், கடையில், ஓட்டோவில், சந்தையில் எங்கும் தமிழிலேயே கதைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலை பதுளையில் ஏறி ஹப்புத்தளையில் இறங்குங்கள். இரண்டாம், மூன்றாம் இரவு அங்கே. நான்காம் நாள் ஹப்புத்தளையில் ஏறி, ஐந்தாறு மணி நேரத்தில் கண்டி. கண்டியில் ஒரு இரவு. ஐந்தாம் நாள் பஸ்ஸில் வீடு. ஒரே நாளில் பதுளை தொடக்கம் கண்டி வரைக்கும் போகலாம்தான், ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் நான்காவது மணி நேரத்தில் பிள்ளைகள் ஃபோனை எடுத்துவிடுவார்கள், பெரியவர்கள் நித்திரையாகிவிடுவார்கள், அந்த நேரம் பார்த்துத்தான் நல்ல இடம் வரும். இதை நான் கண்ணால் கண்டதால் சொல்கிறேன், பாதையை உடைத்துப் போங்கள்.

எல்லவில் ஏன் தங்கவில்லை என்று கேட்கலாம். எல்ல வடிவான இடம், ஆனால் கட்டணம் வெளிநாட்டுக்காரரை மனதில் வைத்துப் போட்டது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஹப்புத்தளையும் பண்டாரவளையும் கைக்கு அடக்கம். அறை பிடிக்கும்போது ஒரு கவனம்: முற்பணம் கட்டியிருந்தும் நாங்கள் போய் நின்றபோது எங்கள் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் ஒரு இடத்தில். அன்று இரா எட்டு மணிக்குக் குளிரில் ஓட்டோவில் அறை தேடித் திரிந்தோம். அதற்குப் பிறகு புறப்படுகிற அன்று காலையில் ஒரு தடவை அழைத்து, பேரையும் வருகிற நேரத்தையும் சொல்லி உறுதிப்படுத்தாமல் நான் வெளிக்கிடுவதே இல்லை.

டிக்கெட்

முற்பதிவு பயணத் திகதிக்கு 30 நாள் முன்னம் திறக்கும். புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் முற்பதிவுக் கவுண்டர் உள்ள நிலையங்களிலும் எடுக்கலாம். எல்ல பக்கத்து ஆசனங்கள் திறந்த கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிடும், ஆகவே 30 நாளை நாட்காட்டியில் எண்ணிக் குறித்துவைத்து, முதலே கணக்கைத் திறந்து, எல்லாருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். பயணத்தின்போதும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வெளியே யாரும் கூடுதல் விலைக்கு டிக்கெட் தருகிறேன் என்றால் வாங்கவேண்டாம்.

முற்பதிவு கிடைக்கவில்லையா, கவலை இல்லை. முற்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை அன்று காலையில் பதுளை நிலையத்தில் வாங்கலாம். ரயில் புறப்பட முக்கால் மணி நேரம் முன்னம் போய்விடுங்கள். ஹப்புத்தளையில் இறங்கித் தங்குவதால் இரண்டு டிக்கெட் தனித்தனியாக எடுக்கவேண்டும், ஒன்றை எடுத்துக்கொண்டு இடையில் இறங்கி மறுநாள் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு யோசனை: பதுளை–ஹப்புத்தளைத் துண்டுக்கு முற்பதிவில் காசைச் செலவழிக்காமல், ஹப்புத்தளை–கண்டித் துண்டுக்கு மட்டும் முற்பதிவு செய்யுங்கள். இடைநிலையத்தில் ஏறுகிறபோதுதான் இருக்கை இல்லாமல் போகும்.

எந்த ரயில் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பொடி மெனிக்கே கண்டிக்குள் வந்து போகும். உடரட்ட மெனிக்கே கண்டிக்குள் வராது, பேராதனையால் நேரே கொழும்புக்குப் போய்விடும். தெரியாமல் ஏறினால் பேராதனைச் சந்தியில் இறங்கி பஸ்ஸில் கண்டிக்குப் போகலாம், ஆறேழு கிலோமீற்றர்தான், ஆனால் சாமானோடும் பிள்ளைகளோடும் அவசரமாக இறங்குவதற்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. நேர அட்டவணை மாறிக்கொண்டிருப்பதால் நான் நேரம் எழுதவில்லை, கேட்டு எடுங்கள்.

எந்தப் பெட்டி, எந்த யன்னல்

இரண்டாம் வகுப்பு. வேறு யோசனையே வேண்டாம். குளிரூட்டிய முதலாம் வகுப்பில் யன்னல் திறக்க முடியாது, மலையைக் கண்ணாடிக்குள்ளால் பார்க்க வேண்டியதுதான். இந்தப் பயணத்தில் பாதி இன்பம் மூக்குக்கு. ஈர மண், யூக்கலிப்டஸ் இலை, தேயிலைத் தொழிற்சாலையைக் கடக்கும்போது வருகிற அந்த வறுத்த வாசம், சுரங்கத்துக்குள் டீசல் புகை, எல்லாமே திறந்த யன்னலால்தான் வரும். மூன்றாம் வகுப்பும் கெட்டதில்லை, நீண்ட தூரத்துக்கு இருக்கைதான் கொஞ்சம் கடினம்.

இருபக்கமும் காட்சி மாறி மாறி வரும். ஆனால் ஹப்புத்தளையில் இருந்து ஒஹிய வரைக்கும் தெற்குப் பள்ளத்தாக்கு உங்கள் இடது பக்கம், பதுளையில் இருந்து கண்டிப் பக்கம் போகும்போது. அந்தத் துண்டுக்கு மட்டும் இடது யன்னலைப் பிடித்துவிடுங்கள், மற்ற இடத்தில் எதிர்ப்பக்க ஆட்களோடு சிரித்துக் கதைத்து மாறிக்கொள்ளலாம். எங்களுக்கு எதிரே கொட்டகலைக்குப் போகிற ஒரு அக்கா இருந்தார். மகள் அவருடைய தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "பாப்பா, இங்கிட்டு வந்து ஒக்காரு, நாங்க பாக்காத மலையா" என்று தன் யன்னலையே கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் அக்கா என்று சொன்னதை அவர் காதில் போடவே இல்லை.

கதவில் தொங்குவது பற்றி. படம் எடுக்கவென்று கதவுக்கு வெளியே சாய்ந்து, தவறி விழுந்து உயிர்விட்டவர்கள் உண்டு, வெளிநாட்டவரும் எங்கள் ஆட்களும். வெட்டிய பாறையும் சுரங்கச் சுவரும் பெட்டியில் இருந்து கை எட்டும் தூரத்தில் வரும், வளைவு திரும்பும்வரை அது தெரியாது. வீட்டுப் பிள்ளைகளிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தண்டவாளத்தில் நடப்பதும் அப்படித்தான், ஒன்பது வளைவுப் பாலத்தில் எல்லாரும் நடக்கிறார்களே என்று நீங்களும் நடக்கவேண்டாம்.

பையில் என்ன

உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஆறேழு பாகை குறையும். திருமலையில் முப்பத்திரண்டு என்றால் பட்டிப்பொலயில் இருபதைச் சுற்றி, அது பகலில். இரவில் இன்னும் கீழே, தை மாசியில் நுவரெலியாப் பக்கம் சில விடியலில் புல்லில் உறைபனியே கட்டும். எங்கள் வீட்டில் ஒருவரிடமும் ஜேர்சி இருக்கவில்லை. இங்கே கடையில் தேடி அலையாதீர்கள், பதுளையிலோ நுவரெலியாவிலோ மலிவாக வாங்கலாம். காதை மூடுகிற தொப்பி, காலுறை, மழை அங்கி. அப்பா மாதிரி மூட்டு வருத்தம் உள்ளவர்களுக்குக் குளிரில் அது கூடும், எண்ணெய், மருந்து எல்லாம் கைப்பையிலேயே.

பிபிலை ஏற்றத்திலும் மாத்தளை வளைவுகளிலும் பிள்ளைகளுக்குச் சத்தி வரும். பொலித்தீன் பை, தோடம்பழம், கொஞ்சம் இஞ்சி. ரயில் கழிவறையை நம்பவேண்டாம், ஏற முன்னம் நிலையத்தில் போய்வாருங்கள். ஃபோனுக்குக் கையில் மாட்டுகிற கயிறு. சில்லறைக் காசு நிறைய.

சாப்பாடு கட்டுவதானால் புளிச்சாதமோ இடியப்பமோ போதும், வயிறு நிறையக் கட்டாதீர்கள். ரயிலில் கூடையோடு வடைக்காரர் வருவார்கள். சூடான பருப்பு வடை, மேலே இரண்டு பொரித்த செத்தல் மிளகாய், சுற்றித் தருவது பழைய கொப்பித் தாளில். எங்களுக்கு வந்த தாளில் யாரோ ஒரு பிள்ளை போட்ட பெருக்கல் கணக்கு இருந்தது, நான்கில் மூன்று சரி, கடைசிக் கணக்குக்குச் சிவப்புப் பேனாவால் புள்ளடி. மகள் எண்ணெய்த் தாளைத் துடைத்துத் துடைத்து அந்தப் பிழையான கணக்கைத் திருப்பிச் செய்துகொண்டு வந்தாள்.

பதுளையில் இருந்து

இனிப் பாதை. பதுளை நிலையம் இருப்பது ஏறக்குறைய 650 மீற்றர் உயரத்தில். பட்டிப்பொல 1,891 மீற்றரில், நாட்டிலேயே உயரமான நிலையம். இடையில் இருப்பது எழுபது கிலோமீற்றர்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேல் ஏறவேண்டும், அதுவும் எங்கள் திருமலைப் பாதையில் போடப்பட்ட அதே அகலத் தண்டவாளத்தில். சரிவு சில இடங்களில் 44 அடிக்கு ஒரு அடி. அதனால்தான் ரயில் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து வளைந்து வளைந்து போகிறது, பார்க்கிற எங்களுக்கு அது புண்ணியம்.

புறப்பட்டு ஹாலிஎல, உடுவர தாண்டினால் தெமோதரை. இங்கே எழுந்து நின்று பாருங்கள். ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும், மலையைச் சுற்றி ஏறும், பிறகு தெமோதரை நிலையத்தில் நிற்கும். நீங்கள் சற்றுமுன் நுழைந்த சுரங்கம் அந்த நிலையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. பாதை தன்னையே தாண்டிப்போகிற இடம். இந்த உயர வித்தியாசத்தை எப்படித் தீர்ப்பது என்று பொறியியலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்து யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் கண்டியில் இருந்து வருகிறவருக்கு இது பயணக் களைப்பின் கடைசியில் வரும், எங்களுக்குக் காலைத் தேத்தண்ணியோடு முதலாவதாக வரும்.

அடுத்தது தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் கட்டியது, 24 மீற்றர் உயரம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். ரயிலுக்குள் இருந்தால் பாலம் தெரியாது, வளைவில் உங்கள் ரயிலின் வால்தான் தெரியும். பாலத்தையே பார்க்கவேண்டும் என்றால் ஹப்புத்தளையில் தங்குகிற நாளில் பஸ்ஸில் எல்லவுக்கு வந்து மேட்டில் இருந்து பாருங்கள்.

பண்டாரவளை வரைக்கும் ரயில் 1894இலேயே வந்துவிட்டது. அங்கிருந்து பதுளைக்கு இறங்க 1924 வரைக்கும் முப்பது வருசம் பிடித்தது, நீங்கள் இப்போது கடந்துவந்த துண்டு எவ்வளவு கடினம் என்பது அந்தக் கணக்கில் தெரியும். தியத்தலாவையில் 1900 அளவில் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்துவைத்தார்கள். இன்று இராணுவ முகாம்.

ஹப்புத்தளையில் இறங்கிய நாள் பின்னேரம் சும்மா இருங்கள், ஊரின் விளிம்பில் நின்று முகில் ஏறுவதைப் பாருங்கள். மறுநாள் விடியற்காலையில் தம்பேதென்ன பக்கம் போய், லிப்டன் சீட் என்கிற மலைமுனைக்கு ஏறிக் காட்சி பார்க்கலாம். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அந்த வழியில்தான். சனி ஞாயிறோ போயாவோ என்றால் அடிசம் பங்களாவுக்கும் போகலாம், அங்கே இருக்கிற கத்தோலிக்கத் துறவிகள் செய்து விற்கிற ஜாம் நன்றாக இருக்கும்.

நான்காம் நாள் காலை ஹப்புத்தளையில் ஏறி இடது யன்னல். இதல்கஸ்ஹின்ன ஒரு மலை முதுகில் உட்கார்ந்திருக்கிற நிலையம், இரண்டு பக்கமும் பள்ளம். வானம் தெளிவு என்றால் தெற்கே தாழ்நிலம் முழுக்கத் தெரியும். நிலைய அதிபர் மேடையில் ஒரு பெரிய வளையத்தோடு நிற்பதைக் கவனியுங்கள். ஒற்றைப் பாதை என்பதால் அடுத்த நிலையம் வரைக்கும் போக உரிமை இந்த வளையத்தில் கட்டிய தோல் பையில்தான் இருக்கிறது. ரயில் மெதுவாகும்போது இயந்திரத்தில் இருப்பவர் கையை நீட்டி அதைத் தோளில் வாங்கி, பழைய வளையத்தை எறிவார். ஒரு நொடியில் முடிந்துவிடும். முன்பெட்டியில் இருந்தால்தான் வடிவாகத் தெரியும், என் மகன் அதற்குப் பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் அதைத்தான் பார்த்தான்.

ஒஹிய தாண்டினால் சுரங்கத்துக்கு மேல் சுரங்கம். ஒஹியவுக்கும் பட்டிப்பொலவுக்கும் இடையில்தான் பாதையின் உச்சி, 1,898 மீற்றர். அங்கே ஒரு சுரங்கத்துக்குள் நல்ல வெயிலோடு நுழைந்தோம். பெட்டிக்குள் கும்மிருட்டு, பிள்ளைகள் எல்லாரும் கூவினார்கள். வெளியே வந்தபோது வெயிலைக் காணவில்லை, சாம்பல் புகாரும் தூறலும், யன்னல் கம்பியில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. மலையின் ஒரு பக்கம் ஊவா, மறுபக்கம் வேறு காற்று. ஜேர்சியைப் போடவேண்டிய இடம் இதுதான்.

அம்பேவெல தாண்டி நானுஓயா. நுவரெலியா போகிறவர்கள் இறங்குகிற இடம். சீதாஎலிய அம்மன் கோயிலுக்குப் போக விருப்பம் என்றால் ஹப்புத்தளையில் ஒரு இரவைக் குறைத்து நுவரெலியாவில் ஒரு இரவு போடுங்கள். முன்பு நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஒரு சின்னத் தண்டவாளம் ஓடியது, 1940களில் மூடிவிட்டார்கள்.

இனி ரதெல்ல, கிரேட்வெஸ்டர்ன், வட்டகொடை, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன். பச்சைப் பாயை விரித்த மாதிரித் தேயிலை. இந்தத் துண்டைத்தான் நான் ஆறுதலாகப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் மலையைவிட மனிதர்கள் அதிகம் தெரிகிற இடம் இது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயன் வீடுகளின் வாசல் தண்டவாளத்தில் இருந்து சில அடியில். கொடியில் பள்ளிக்கூடச் சட்டை காயும். கொழுந்துப் பையோடு நிற்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். படம் எடுக்க முன்னம் கையை அசைத்துக் கேளுங்கள், அது அவர்கள் வேலை செய்கிற இடம். ரயில் கண்டிக்கு வந்தது 1867இல், கோப்பி இறக்கத்தான். இரண்டு வருசத்தில் கோப்பிச் செடியில் நோய் விழுந்தது, பிறகு தேயிலை. ரயிலும் மேலே மேலே ஏறியது, நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885. அந்தச் செடியை நட்டு, அந்தத் தேயிலையை இறக்கிய கைகள் தென்னிந்தியாவில் இருந்து வந்த தமிழர்களுடையவை.

தலவாக்கலைப் பக்கம் சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும். 2012இல் மேல் கொத்மலை மின் திட்டம் வந்த பிறகு முன்புபோல் நீர் விழுவதில்லை. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம், அரை கிலோமீற்றருக்கு மேல் நீளம். ஹட்டனுக்குப் பிறகு வட்டவளை, கல்பொட வழியாக இறக்கம், வெக்கை மெல்லத் திரும்பும், நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கண்டி. இந்தக் கடைசி இரண்டு மணி நேரம் நித்திரைக்கு.

பாதையில் எங்காவது சொந்தக்காரர் இருந்தால் எந்தப் பெட்டி என்று முதலே சொல்லிவையுங்கள். எங்கள் கொட்டகலை மாமி மேடையில் ஒரு மணி நேரம் நின்று, ரயில் நின்ற இரண்டு நிமிடத்துக்குள் யன்னலால் இரண்டு கிலோ தேயிலைத் தூளும் ஒரு பை கரட்டும் தந்தார். நாங்கள் அவருக்குக் கருவாடு கொண்டுபோயிருந்தோம்.

கண்டியில் இருந்து வீடு

திருகோணமலை பஸ் எங்கிருந்து புறப்படுகிறது என்று கண்டியில் இறங்கியதும் விசாரியுங்கள். 180 கிலோமீற்றர் அளவு. காலையில் எடுத்தால் நல்லது, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபட்டால் இங்கேயும் யானை. மாத்தளையில் வீதியோரமாகவே முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது, நேரம் இருந்தால் இறங்கி அடுத்த பஸ் எடுக்கலாம், நாங்கள் இறங்கினோம். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் பஸ் போகிற அந்த வழியால்தான் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய ஆட்களை மலைக்கு நடத்திக்கொண்டு போனார்கள், காடும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே கொன்றது. 2023இல் இருநூறு வருச நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் சனம் நடந்தே வந்தது. முதல் தடவை போனபோது இதே வீதியில் பஸ்ஸில் நித்திரை கொண்டேன். இந்தத் தடவை அப்பா யன்னலோரம் இருந்து, மாத்தளையில் இருந்து தம்புள்ளை வரைக்கும் கிலோமீற்றர்க் கல்லை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார்.